முப்பத்தொன்றாவது கையெழுத்து

ஜூலை 3, திங்கள்

காலையில் மூட்டமாக இருந்தது. பெய்யவில்லை. தூத்துக்குடி வானத்தை நம்பி மாடிக் கொடியில் போட்ட துணியை இரண்டு முறை எடுத்து, இரண்டு முறை போட்டேன்.

பாக்கியலீலா டீச்சர் நான்காவது முறையாக வந்தார். உப்பளத்துக்குப் போகும் சாலையில் இருக்கிற அரசு நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியை. பள்ளி மேலாண்மைக் குழுவில் படித்த பெரியவர் ஒருவர் வேண்டும், மோத்தா அம்மா, நீங்கள்தான் வர வேண்டும் என்றார். மூன்று முறை மறுத்தவள் இன்று ஒப்புக்கொண்டேன். அவர் காட்டிய பெற்றோர் அழைப்புக் கடிதம்தான் காரணம். ஒரே பக்கத்தில் ஐந்து பிழை. அதைத் திருத்தாமல் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. திருத்திக் கொடுத்த பிறகு மறுக்க வழியில்லை.

விஷயம் இதுதான். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். அடுத்த வருடம் அந்த மூன்று வகுப்புகளையும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உயர்நிலைப்பள்ளியோடு சேர்க்கப் போகிறார்களாம். கல்வி அலுவலகம் ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறது. செப்டம்பர் முடிவதற்குள் ஒரு கூட்டத்துக்குப் பெற்றோரில் பாதிப் பேராவது நேரில் வந்து, பள்ளி இங்கேயே வேண்டும் என்ற தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தம் அறுபத்திரண்டு குடும்பம். முப்பத்தொன்று வேண்டும். போன கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர்.

முப்பத்தொன்று பெரிய எண்ணா என்று கேட்டேன். டீச்சர் காப்பியைக் குடித்தார்.

ஜூலை 7, வெள்ளி

முதல் கூட்டம். காலை பத்து மணி. நான் ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டேன். வந்தது நான்கு பேர். அதில் ஒருவர் பால்காரர், அவருக்கு அங்கே பிள்ளையே இல்லை.

பெற்றோர் பங்கேற்பை அதிகரிப்பது எப்படி என்று அலுவலகத்திலிருந்து பதினான்கு பக்கச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. முழுவதும் படித்தேன். பெற்றோருக்குக் கைபேசியில் செய்தி அனுப்பச் சொல்கிறது. டீச்சரும் அனுப்புகிறார். அது அப்பன்மாரின் கைபேசிக்குப் போகிறது. அப்பன்மார் உப்பு லாரியில் பெங்களூருக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது தாய். தாயிடம் கைபேசி இல்லை. துறைமுக அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கண்காணிப்பாளராக இருந்தவள் நான். போய்ச் சேராத கடிதத்தை அனுப்பிய கடிதம் என்று சொல்ல நான் யாரையும் விட்டதில்லை.

ஜூலை 9, ஞாயிறு

இரண்டாம் பூசை. வரும் வழியில் மக்ரூன் கால் கிலோ. என் கணவர் காஸ்பர் மோத்தா உயிரோடு இருந்தால் அரைக் கிலோ வாங்கி, பாதியை வீட்டுக்கு வருவதற்குள் தீர்த்திருப்பார்.

மகன் ரோலண்ட் கனடாவிலிருந்து கூப்பிட்டான். நான்கு நிமிடம். பேத்தி மெரிலுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதா, எத்தனை மார்க் என்று கேட்டேன். அங்கே அப்படியெல்லாம் சொல்வதில்லை அம்மா என்றான். சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?

ஜூலை 12, புதன்

இன்று ஒரு காரியம் செய்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்டோ பிடித்து உப்பளப் பக்கம் போய்ப் பார்த்தேன். எழுபத்தாறு வயதில் எதற்கு இது என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெண்கள் அதற்கு முன்பே உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும். பதினொன்றரைக்கு வீடு. சமையல், துணி, பிறகு ஒரு தூக்கம். மூன்று மணிக்கு எழுந்திருக்கிறார்கள். பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு அக்கறையில்லாத தாய்மார் என்று இத்தனை வருடம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டம் மூன்றரை மணிக்கு என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். மூன்றரை என்றால் மூன்றரை.

ஜூலை 20, வியாழன்

பெட்டியை ஒதுக்கியபோது என் கான்வென்ட் தர அட்டைகள் கிடைத்தன. எல்லாம் இருக்கின்றன, ஒன்றுகூடத் தவறவில்லை. இன்றைக்குச் சமையல் தாமதம்.

எங்கள் காலத்தில் மாதத்தின் கடைசி வெள்ளி என்றால் கான்வென்ட் முழுவதும் தேங்காய் எண்ணெயும் கஞ்சியும் மணக்கும். ஆயாக்கள் காலையிலிருந்தே சிவப்புத் தரையைத் தேங்காய் மூடியால் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நாலு மணிக்குப் பெற்றோர் வருவார்கள். அப்பா கடற்கரைச் சாலையில் தோணிக்குச் சரக்கேற்றுவதை விட்டுவிட்டு வெள்ளைக் கோட்டு போட்டு வருவார். மதர் பெர்னதீன் மேடையில் நின்று தர வரிசையை வாசிப்பார். பெயர் வாசித்ததும் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து எழுந்து நிற்க வேண்டும். "ஹில்டா கொரைரா, முதலிடம்." நான் எழுந்திருப்பேன். அப்பா எழுந்திருக்கும்போது அவர் கோட்டிலிருந்து கருவாடும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் மாதம் முழுவதும் படித்தேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்த மண்டபம் வருகிறது. உயரமான ஜன்னல்கள், வெளியே வேப்பமரம், துறைமுகத்துச் சங்கு.

ரோலண்ட் படிக்கும்போதும் நான் ஒரு பெற்றோர் கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துப் போவேன். ஒவ்வொரு ஆசிரியராகப் பார்ப்பேன். அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எங்கே எத்தனை மார்க் போயிற்று, ஏன் போயிற்று என்று கேட்பேன். மற்ற தாய்மார் என்னைப் பார்த்துத்தான் கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

அதையே இங்கே செய்யலாம். பெற்றோர் எதைக் கேட்க வருவார்கள்? தம் பிள்ளையின் பெயரைக் கேட்க வருவார்கள்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

இருபத்தாறு பேர்.

நேரத்தை மாற்றியதுதான் காரணம். குளித்து, தலை பின்னி, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார்கள். உப்பில் வெந்த பாதங்களைப் பெஞ்சுக்கு அடியில் உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

நானே வாசித்தேன். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை, என் குரல் இன்னும் மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போகிறது. பிள்ளையும் தாயும் எழுந்து நிற்க வேண்டும் என்றேன், நின்றார்கள். ஏழாம் வகுப்பில் சிவரஞ்சனி என்ற பெண், கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று. தாய் பேச்சித்தாய். இருவரும் நின்றார்கள். பதினொன்று என்றதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்தவர்களைக் கண்டித்தேன். ஒழுங்கு முக்கியம். அமைதியானதும், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று மறுபடி ஒரு முறை வாசித்தேன்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை வைத்துவிடலாம். இன்னும் ஐந்து பேர்தான்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ரோலண்ட் கூப்பிடவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

செப்டம்பர் 1, வெள்ளி

மூன்று பேர்.

நாற்பத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். முதல் மூன்று இடம் வாங்கிய பிள்ளைகளின் தாய்மார் மட்டும் வந்திருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. நான் பதிவேட்டில் மூன்று என்று எழுதினேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

வீடு வீடாகப் போனோம், டீச்சரும் நானும். நான்கு மணிக்கு ஆரம்பித்து ஆறு மணி வரை. எல்லா வீட்டிலும் ஒரே பதில். கடிதம் வரவில்லை. பிள்ளைகளிடம் கொடுத்த கடிதம் எங்கே போயிற்று என்று கேட்டால் பிள்ளைகள் சுவரைப் பார்க்கிறார்கள். ஒரு பையன் மட்டும், ஆடு தின்றுவிட்டது என்றான். அவன் வீட்டில் ஆடு இல்லை.

பேச்சித்தாய் வீட்டில் அவளே இருந்தாள். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் எழுந்து பாயை உதறிப் போட்டாள். கடிதம் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சும்மா. அவ கிழிச்சுப் போட்டுட்டா. ஒட்ட வெச்சுப் படிக்கச் சொன்னேன்."

பிறகு ஏன் வரவில்லை?

அவள் டீச்சரைப் பார்த்துச் சொன்னாள், என்னை அல்ல. "வெயில்ல எம்புட்டு நேரம் நிக்கச் சொன்னாலும் நிப்பேன் டீச்சர். அங்கன நிக்க முடியல."

வகுப்புகளை மாற்றிவிட்டால் பிள்ளை என்ன செய்வாள் என்று டீச்சர் கேட்டார். லாரி ஓடுற ரோட்டைத் தாண்டிப் பொம்பளைப் பிள்ளையை யார் அனுப்புவார்கள், என்னோடு பாத்திக்கு வருவாள் என்றாள். சிவரஞ்சனி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

வரும் வழியில் டீச்சரிடம், எங்கள் கான்வென்டில் அறுபது வருடத்துக்கு முன்பே இப்படித்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன். டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "உங்க கிளாஸ்ல கடைசியா யார் பேரு வாசிப்பாங்கம்மா?"

லூர்து. யோசிக்காமலே பெயர் வந்துவிட்டது.

செப்டம்பர் 6, புதன்

லூர்துவின் முகம் ஞாபகம் இல்லை. அவள் தாயின் கை ஞாபகம் இருக்கிறது. எழுந்து நிற்கும்போது முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். எட்டாம் வகுப்புக்கு லூர்து வரவில்லை. எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அரிசி வந்தது. கல் அதிகம். திருப்பி அனுப்பினேன்.

செப்டம்பர் 9, சனி

விடுபட்ட வீடுகளுக்குப் போனோம். கடைசி வீட்டில் ஒரு லாரி ஓட்டுநர், சுடலைமுத்து என்று பெயர். ஆறாம் வகுப்பில் பெண். என்னைப் பார்த்ததும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"ரோலண்ட் அம்மாதான? என்னைத் தெரியலியா? நான் அவங்கூட எட்டு வரைக்கும் படிச்சேம்லா."

எனக்குத் தெரியவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சந்தோஷமாகப் பேசினார். ரோலண்டுக்கும் அவருக்கும் ஒரே பெஞ்சாம். ரோலண்ட் வரைந்த கப்பல் படங்களைப் பற்றிச் சொன்னார். ரோலண்ட் கப்பல் வரைவான் என்று எனக்கு நினைவில்லை.

"மாசத்துக்கு ஒரு நாள் உங்க வீட்டு இடியாப்பம் எனக்குத்தாம்மா. கூட்டத்துக்கு நீங்க வார அன்னைக்கு அவனுக்குச் சாப்பாடு எறங்காது. டிபனை அப்படியே என்ட்ட தள்ளிருவான். பின்னால போயி வாந்தி எடுப்பான் பாவம். நான் தேங்காப்பால ஒரு சொட்டு விட மாட்டேன்." சிரித்தார். "அப்படி ஒரு இடியாப்பம் பொறவு சாப்பிடல."

பசி இல்லாமல் இருந்திருக்கும், அவன் எப்போதும் குறைவாகச் சாப்பிடுகிற பிள்ளை என்று சொன்னேன். கூட்டத்துக்கு வருவாரா என்று கேட்டதற்கு, பெண் வேண்டாம் என்கிறாள் என்றார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

செப்டம்பர் 12, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 13, புதன்

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். பிள்ளைகள் கிழிக்கிற கடிதத்தை நாம் எழுதிப் பயனில்லை. அவர்களே எழுதட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய்க்கோ தகப்பனுக்கோ தன் கையால் அழைப்பு எழுதட்டும். கூட்டத்தில் என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கக் கூடாது என்பதை வகுப்புக்கு ஒரு தாளில் அவர்களே முடிவு செய்து கொடுக்கட்டும். அதை மீறுவதில்லை என்று பள்ளி வாக்குக் கொடுக்கட்டும். சுற்றறிக்கையின் பதினான்கு பக்கத்திலும் இது இல்லை.

கூட்டம் 22-ஆம் தேதி. அதற்குப் பிறகு நாள் இல்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

ஆறாம் வகுப்புத் தாளும் எட்டாம் வகுப்புத் தாளும் வந்துவிட்டன. மதிப்பெண் வாசிக்கக் கூடாது. தனித்தனியாகப் பேச வேண்டும். எங்கள் படங்களைச் சுவரில் ஒட்ட வேண்டும். நியாயம்தான்.

ஏழாம் வகுப்புத் தாள் எங்கே என்று கேட்டேன். இன்னும் எழுதவில்லை என்றார் டீச்சர். அவர் மேசையில் பதிவேட்டுக்கு அடியில் நுனி தெரிந்தது. துறைமுக அலுவலகத்தில் இந்த மாதிரி எத்தனை தாளை உருவியிருக்கிறேன். உருவினேன்.

"மார்க் வாசிக்கக் கூடாது. எங்கள் அம்மாவை நிற்க வைக்கக் கூடாது. மோத்தா அம்மா உள்ளே வரக் கூடாது."

சிவரஞ்சனி தலைமையில் இருபது கையெழுத்து. ஒரு பிழை இல்லை.

டீச்சர் பதறிவிட்டார். சின்னப் பிள்ளைகள், நான் பேசிக்கொள்கிறேன், மாற்றி எழுதச் சொல்கிறேன் என்றார். வாக்குக் கொடுத்தது பள்ளி என்றேன். மூன்று தாளையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கான்வென்டின் பின் மதிலை ஒட்டி நடந்தேன். வேப்பமரம் இன்னும் நிற்கிறது. உள்ளே பிள்ளைகள் ஏதோ பாட்டுப் பயிற்சியில் இருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். அந்த மண்டபத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அது பொய்யில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

ரோலண்ட் கூப்பிட்டான். மெரில் பள்ளியில் வரும் வாரம் பெற்றோர் கூட்டமாம். யார் போகிறீர்கள் என்று கேட்டேன். நான்தான் போகிறேன் என்றான். மெரில் சாப்பிட்டாளா என்று கேட்டேன். எதற்கு அம்மா திடீரென்று என்றான். சும்மாதான் என்றேன். வேறொன்றும் கேட்க இருந்தது. லைன் சரியில்லை.

பதினொரு நிமிடம் பேசினோம்.

செப்டம்பர் 22, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். மூன்றரைக்கு மணி அடிக்கும், இங்கே கேட்காது. வெள்ளிப் பாத்திரங்களைத் துடைத்தேன். வெளியே வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது, இந்த முறை நிஜமாகவே.

நாலேகாலுக்கு டீச்சர் கூப்பிட்டார். குரலே சரியில்லை. முப்பது பேர் வந்துவிட்டார்கள். சுடலைமுத்து பெங்களூர் லோடை மாற்றிவிட்டு வந்திருக்கிறார். முப்பதுக்கு மேல் இல்லை. அலுவலகத்து மேற்பார்வையாளர் ஐந்து மணிக்குப் பதிவேட்டை மூடிக்கொண்டு போய்விடுவார். மழை வருவதால் உப்பு அம்பாரத்தை மூடக் கணக்கப்பிள்ளை சில பெண்களை அளத்திலேயே நிறுத்திவிட்டாராம், பேச்சித்தாயும் அதில். ஆசிரியர்கள் யாரும் நகர முடியாது. நான் போகிறேன் என்றேன்.

ஆட்டோவில் பத்து நிமிடம். அம்பாரத்துக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நடக்கச் செருப்பு வழுக்கியது, கையில் எடுத்துக்கொண்டேன். உப்பு இவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பேச்சித்தாய் என்னைப் பார்த்தாள், கயிற்றை விடவில்லை. மகள் எழுதிய அழைப்பு அவள் ரவிக்கைக்குள் மடித்து இருந்தது, நுனி வெளியே தெரிந்தது. அவள் வர நினைத்திருக்கிறாள்.

கணக்கப்பிள்ளை, ஒரு ஆளை விட்டால் எல்லாரும் கிளம்புவாவ என்றார். நான் அவரிடம் பேசவில்லை.

"அன்னைக்கு உன்னை நிக்க வெச்சது என் தப்பு, பேச்சித்தாய். ரெண்டு தரம் வாசிச்சது அதைவிடத் தப்பு." எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். என் குரலுக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. "நான் உள்ள வர மாட்டேன். நீ வா."

அவள் முடிச்சைப் போட்டு முடித்தாள். இன்னொரு பெண்ணிடம் கயிற்றைக் கொடுத்தாள். கணக்கப்பிள்ளையிடம், "அரை நாள்னு எழுதிக்கிடுங்க" என்றாள். பிறகு என்னிடம், "காலைப் பாத்து வையுங்க. செருப்பைப் போடுங்கம்மா, கிழிச்சுரும்" என்றாள்.

ஆட்டோவில் ஏறினோம். மழையின் முதல் சொட்டு விழுந்தபோது, "மூடியாச்சு" என்று தனக்குத்தானே சொன்னாள்.

பள்ளி வாசலில் நாலு நாற்பத்தெட்டு. அவள் அப்படியே, உப்பு படிந்த சேலையோடு, வெறுங்காலோடு உள்ளே ஓடினாள். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். ஆட்டோவை அனுப்பிவிட்டேன், ஏன் அனுப்பினேன் என்று தெரியவில்லை. குடையை விரித்தேன். உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது. முப்பத்தொன்று என்று புரிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சிவரஞ்சனி ஒரு நாற்காலியைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் நடந்து வந்தாள். வாசலைத் தாண்டி, வெளியே, கேட்டை ஒட்டிய கூரைக்கு அடியில் போட்டாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள்.

உங்கள் சட்டம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் வரவில்லை என்றேன்.

"உள்ள வரக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கோம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "வெளிய உக்காரக் கூடாதுன்னு எழுதல."

ஓடிவிட்டாள். அவள் தாய் உள்ளே கணக்கு டீச்சருக்கு எதிரே உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று மழையில் கேட்கவில்லை. கேட்க முயற்சி செய்யவும் இல்லை.

உட்கார்ந்தேன். நாற்காலியின் ஒரு கால் ஆடியது. யாரிடமும் சொல்லவில்லை.